பிரமாணப் பத்திரத்தின் மூன்றாம் பத்தி

உத்திரமேரூர்
12.11.2001

அன்புத் தங்கை சாய்ராவுக்கு,

உன்மீதும் மாப்பிள்ளை வஹாப்மீதும் குழந்தை ஷப்ரீன்மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். நாங்கள் நலம். உன் அண்ணி நஜீமாவுக்கு மட்டும் இந்தக் குளிர்காற்றில் முழங்கால் வலி சற்று அதிகம். நோன்பு தொடங்குவதற்குள் காஞ்சிபுரம் அழைத்துப்போய் வைத்தியரிடம் காட்டுவதாக இருக்கிறேன்.

ஒரு வாரமாக ஐப்பசி மழை விடவில்லை. உன் வீட்டின் புதுக் கூரை முதல் மழையைத் தாங்குகிறதா என்று நேரில் பார்த்து எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நேற்றுப் பகலில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோதே போய், ஒவ்வோர் அறையிலும் கால் மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. அத்தா உனக்கு எழுதிவைத்த வீடு இன்னும் நாற்பது ஆண்டு நிற்கும் என்று கொத்தனார் முத்துகிருஷ்ணன் சொல்கிறார். அவர் சொல்வதில் பாதியை எடுத்துக்கொண்டாலும் போதும்.

கூடத்தின் நடு உத்திரத்தைக் கரையான் அரித்திருந்தது. வெளியே தேக்காகத் தெரிந்தது, விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. அதை மாற்றியாயிற்று. நாட்டு ஓடுகளை எடுத்துவிட்டு மங்களூர் ஓடு வேய்ந்தாயிற்று. பழைய ஓடுகளைப் பொன்னனும் வீரம்மாளும் ஒவ்வொன்றாக இறக்கி, உடையாதவற்றைக் கிணற்றடியில் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். பன்னிரண்டு நாள் வேலை. கூலி கொடுத்தபோது வீரம்மாள் வாங்க மறுத்தாள். 'நாங்க கீற வூட்டுக்கு நாங்க ஓடு எறக்கறதுக்கு இன்னாத்துக்கு நைனா கூலி?' என்று கேட்டாள். நான் வற்புறுத்திக் கொடுத்து, நாளுக்கொரு கைநாட்டுச் சீட்டும் வாங்கிவைத்தேன். கூலியில்லாத உழைப்பு பின்னாளில் எந்த வழக்குக்கும் வழியாகக் கூடாது.

அவர்கள் இருக்கும் பின்கட்டு, கடன் கொடுத்த வங்கியின் மதிப்பீட்டில் சேரவில்லை. ஆகவே அதன் கூரையைத் தொடவில்லை. அங்கே ஒழுகுகிறதாம். தார்ப்பாய் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இனி வரி பற்றி. பழைய வீட்டைச் செப்பனிட வாங்கும் கடனின் வட்டியை, ஆண்டுக்கு முப்பதாயிரம் ரூபாய் வரை, உன் சம்பளத்துக்கான வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வேலை நிமித்தம் வெளியூரில், தனக்குச் சொந்தமில்லாத வீட்டில் வசிப்பவருக்கும் இந்தச் சலுகை உண்டு. நீ நாகபுரியில் பள்ளிக் குடியிருப்பில் இருப்பதால் தகுதி பெறுகிறாய். நம்மைப் போன்றவர்களின் பழைய வீடுகள் இடிந்து விழாமல் நிற்கட்டும் என்று அரசாங்கம் நினைக்கிறது. நல்ல எண்ணம்தான். நிபந்தனை ஒன்று உண்டு: வீடு வாடகைக்கு விடப்பட்டிருக்கக் கூடாது, உரிமையாளர் அதனால் வேறு பயன் எதுவும் அடைந்திருக்கக் கூடாது.

இதற்கான பிரமாணப் பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பள்ளி அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒன்று. வாடகைக் கட்டடம் என்று கருதிச் சொத்து வரியை உயர்த்திவிடாமலிருக்க, பேரூராட்சிக் கோப்பில் சேர்க்கத் தமிழில் ஒன்று. முதல் பத்தி அத்தாவின் தானப் பத்திரம் பற்றியது. இரண்டாவது கடனும் வேலையும் பற்றியது. மூன்றாம் பத்தியில் மேற்படி நிபந்தனையை எழுதிவிட்டு, 'மேற்படி கட்டடத்தின் எந்தப் பகுதியிலும் எவரும் குடியிருக்கவில்லை' என்றும் சேர்த்திருக்கிறேன். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சட்டம் கேட்கவில்லை. எச்சரிக்கைக்காக நான் சேர்த்தது. நீ கவலைப்பட ஒன்றுமில்லை. தேர்வுத் தாள் திருத்தும் வேலையில் நேரமில்லையென்றால், நோட்டரி முன்னிலையில் பென்சில் குறியிட்ட இடங்களில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்.

மற்றொன்று. பொன்னனின் மகள் தேவி பதினோராம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். உன் அலமாரியிலுள்ள ஆங்கிலத் தமிழ் அகராதியைக் கேட்கிறாள். உன் பொருள் என்பதால் உன் அனுமதியில்லாமல் நான் எடுத்துத் தரவில்லை. எழுது.

துஆவுடன்,
உன் அண்ணன்
முகம்மது கௌஸ்


உத்திரமேரூர்
22.6.2003

அன்புள்ள சாய்ராவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் ஷப்ரீனும் சுகமாயிருக்க என்றென்றும் வேண்டுகிறேன். நஜீமா சுகம். இங்கே மழையில்லாத இரண்டாவது ஆண்டு. ஏரி வெடித்துக் கிடக்கிறது. நம் கிணற்றில் வாளி தரையைத் தட்டும் சத்தம் கேட்கிறது.

தொலைபேசியில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதை நீ ஒரு முறைக்கு இரு முறை வாசிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் வாசிக்கக் கொடு. வேறு யாரிடம் காட்டவும் எனக்குத் தடையில்லை.

தேவி பன்னிரண்டாம் வகுப்பில் ஆயிரத்து நாற்பத்தொரு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்ததில் பழங்குடியினருக்கான இடமொன்று அவளுக்குக் கிடைத்திருக்கிறது. சாதிச் சான்றிதழின் மூலப் பிரதியை ஜூலை இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுத்தால் சேர்ந்துவிடலாம். கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

இருளர் சமூகத்தாருக்கு அந்தச் சான்றிதழை வருவாய்க் கோட்ட அதிகாரி விசாரித்துத்தான் தர வேண்டும். எந்த ஊர், எத்தனை காலமாக வசிக்கிறார்கள், யார் அறிவார் என்று கேட்பார்கள். பொன்னனுக்குக் குடும்ப அட்டை இல்லை. அவனுடைய சொந்த இடமான மானாம்பதிக் குடியிருப்பில், இருபது ஆண்டுகளாக இங்கே இல்லை என்று பெயரை நீக்கிவிட்டார்கள். ஆகவே மனுவில் நம் வீட்டுக் கதவு எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் கேட்காமல் எழுதினார்கள். கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, தாம் இருக்கும் இடம்தானே.

விசாரணைக்கு வந்தவர் முறைப்படி பேரூராட்சியில் அந்தக் கதவு எண்ணுக்குரிய கோப்பைக் கேட்டிருக்கிறார். அதில் உன் பிரமாணப் பத்திரம் இருந்தது. சென்ற திங்கட்கிழமை ஆணை வந்தது: 'மனுதாரர் குறிப்பிட்ட முகவரியில் எவரும் குடியிருக்கவில்லை என்று கட்டட உரிமையாளரே பிரமாணம் செய்துள்ளதால், மனுதாரரின் வசிப்பிடம் மெய்ப்பிக்கப்படவில்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.' அந்த ஆணையில் குறை காண எனக்கு இடமில்லை. அந்த ஆவணம் என் முன்னால் வைக்கப்பட்டிருந்தால் நானும் அப்படியேதான் முடிவுசெய்திருப்பேன்.

வீரம்மாள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை என் அலுவலகத்துக்கு வந்தாள். தேவியும் உடன் வந்தாள், ஆனால் உள்ளே வராமல் படியிலேயே நின்றாள். என் குமாஸ்தா ஞானதாஸ் ஆணையையும் இணைப்பையும் உரக்க வாசித்துக் காட்டினார். மூன்றாம் பத்தி வந்தபோது அவருடைய குரல் இறங்கியது. வீரம்மாள் முதலில் சிரித்தாள். நடந்ததை வாக்குமூலம் போல அவள் சொற்களிலேயே எழுதுகிறேன், என் சொற்களில் எழுதினால் என்னையறியாமல் மென்மையாக்கிவிடுவேன்.

'இன்னா நைனா இது பேஜாரு? நான் உன் எதுர்க்கத்தான் குந்திக்கினு கீறேன். நான் இல்லன்னு காயிதம் சொல்லுது!' என்றாள். யார் எழுதியது என்று கேட்டாள். ஞானதாஸ் கோப்புக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அவளுடைய சிரிப்பு நின்றது. 'அப்ப நாங்க கீறோமா இல்லியான்னு உன் பேனாவத்தான் கேக்கணும்?' என்றாள். பிறகு கையெழுத்தைக் காட்டச் சொல்லி, அது உன்னுடையதா என்று கேட்டாள். ஆம் என்றேன். 'சாய்ரா பாப்பாவா? மழைன்னா அத பஸ் ஸ்டாண்டு மட்டும் கொட புடிச்சி இட்டுக்கினு போனது நானு. அது காலேஜு முடிக்கற வரிக்கும். அதுங்கூடவா நான் இல்லன்னு சொல்லிச்சி?' என்றாள்.

நீ வாசிக்காமல் கையெழுத்திட்டாய் என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு போனாள். படியில் நின்ற தேவி என்னைப் பார்க்கவில்லை.

சாய்ரா, இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்த வாக்கியத்தைச் சலுகைக்காக மட்டும் நான் எழுதவில்லை. அத்தா 1981-இல் அவர்களை அங்கே வைத்தார். பொன்னன் அத்தாவின் மண்டியில் மூட்டை தூக்கினான், அவர்கள் வீட்டையும் பார்த்துக்கொண்டார்கள். வாடகை என்று எதுவும் பேசவில்லை. இருபது ஆண்டு ஆகிவிட்டது. நீண்ட காலம் இருந்தவர் இடத்துக்கு உரிமை கொண்டாடும் வழக்குகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். 1999-இல் என் கட்சிக்காரர் ஒருவர் தோப்பையே அப்படி இழந்தார். அனுமதியின் பேரில் இருக்கும் காவல்காரருக்கு அத்தகைய உரிமை வராது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், வீட்டைப் புதுப்பித்த கையோடு இதையும் முடித்துவிடலாம் என்று எண்ணினேன். வரிப் படிவம் ஒரு வாய்ப்பாக வந்தது. அவர்கள் அங்கே இல்லை என்று உன் பெயரில் ஓர் ஆவணம் இருந்தால் உனக்குப் பாதுகாப்பு என்று நினைத்தேன். பொன்னன் உரிமை கேட்பான் என்று எனக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. ஐயமில்லாத இடத்திலும் வேலி போட்டுப் பழகிவிட்டேன்.

இதில் வெட்கப்பட இன்னொன்றும் இருக்கிறது. உண்மையை எழுதியிருந்தால் எவ்வளவு வரி கூடியிருக்கும் என்று நேற்று உட்கார்ந்து பார்த்தேன். அவர்கள் இருக்கிறார்கள், வீட்டைக் காப்பதே வாடகைக்கு ஈடு என்று ஒப்புக்கொண்டிருந்தாலும் வட்டிக் கழிவு போயிருக்காது. வீட்டின் ஆண்டு மதிப்பை வருமானத்தில் சேர்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆண்டுக்கு எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய். அந்தக் கணக்கை 2001-இல் நான் போட்டே பார்க்கவில்லை. அவர்கள் அங்கே இருப்பதை ஒளித்தால்தான் சலுகை கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பொன்னனைக் கூப்பிட்டுப் பேசலாமென்று பின்கட்டுக்குப் போனேன். அறை பெருக்கித் துடைத்துக் கிடந்தது. அடுப்புக் கற்களைக்கூட ஓரமாக அடுக்கியிருந்தார்கள். நான் வாங்கிக் கொடுத்த தார்ப்பாய் நான்காக மடித்து வாசலில் இருந்தது. அதன்மேல் சாவி. சாவிக்குக் கீழே உன் அகராதி.

மானாம்பதிக்குப் போனேன். ஊருக்கு வெளியே ஏரிக்கரைச் சரிவில், பொன்னனின் தம்பி குடிசைக்குப் பக்கத்தில், சேலையைக் கட்டி நிழல் செய்திருந்தார்கள். ஏன் வந்துவிட்டாய் என்று பொன்னனைக் கேட்டேன். கோபமாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்துப் போனேன், அதற்குப் பதிலும் யோசித்துவைத்திருந்தேன். அவன் எழுந்து நின்று, 'காயிதத்துல இல்லாதவங்க அங்க கீறத யாருனா பாத்தா, நாளிக்கி உன்னத்தான கேப்பாங்க சாமி? கோர்ட்டுக்குப் போற ஆளு. பொய்யின்னு உனுக்குப் பேரு வர வாணாம். அதான் வந்துட்டோம்' என்றான். நான் எழுதியதை உண்மையாக்கத்தான் வெளியேறியிருக்கிறான்! தேவியின் மறுவிசாரணைக்கு அந்த அறையில் அவர்கள் இருந்தாக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் என்னைத்தான் முதலில் நினைத்தான். எதுவென்று கேட்க எனக்குத் துணிவில்லை.

வீரம்மாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: 'அவரு பேரு கெடக் கூடாது, நம்ப பேரு இல்லாம போனா பரவால்ல. நீ ஒக்காந்து சோறு துன்னு.' அது அவனுக்குச் சொன்னது. தேவி எழுந்து போய், எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

செய்ய வேண்டியது இது. ஆணையை எதிர்த்து மறுவிசாரணை கோரி என் கையாலேயே மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூலை பதினான்காம் தேதி அதிகாரி நேரில் வருகிறார். அதற்குள் உன்னிடமிருந்து புதிய பிரமாணப் பத்திரம் வேண்டும்: பொன்னன் குடும்பம் 1981 முதல் பின்கட்டில் குடியிருந்து வருகிறது, முந்தைய பத்திரத்தின் மூன்றாம் பத்தி தவறு, அதை வரைந்தவன் நான், என்று. வரைவை இணைத்திருக்கிறேன். இதே விவரத்தை நானும் என் பெயரில் தனியாகப் பிரமாணம் செய்கிறேன்.

கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உன் பழைய வரிப் படிவத்தைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குக் காலம் இருக்கிறது, விடுபட்ட வரியையும் வட்டியையும் நானே செலுத்துகிறேன். பள்ளி அலுவலகத்தில் உன்னைக் கேள்வி கேட்கலாம். பிரமாணத்தில் பொய் சொன்னதாக யாரேனும் குற்றம் சாட்டலாம், அது நடக்கும் வாய்ப்பு குறைவு என்பது என் கருத்து, ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு நேரக்கூடியதை நீ கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. இந்த விஷயத்தில் என் நலமும் உன் நலமும் ஒன்றல்ல என்பதால், அங்கேயே வேறொரு வழக்கறிஞரைப் பார்த்து யோசனை கேட்பது முறை. கையெழுத்திட மாட்டேன் என்று நீ எழுதினாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். என் பத்திரத்தை மட்டும் கொடுத்துப் பார்ப்பேன், உரிமையாளர் சொல்லாமல் அது போதுமா என்று தெரியாது.

இம்முறை பென்சில் குறி எதுவும் போடவில்லை. முழுவதையும் வாசி.

உன்னிடம் கேட்கும் தகுதியை இழந்தபின்னும் கேட்கிறேன்.

அண்ணன்
முகம்மது கௌஸ்


உத்திரமேரூர்
16.7.2003

அன்புத் தங்கைக்கு,

நீ நீண்ட காலம் நலமாக வாழ வேண்டும். உன் பதிவுத் தபால் பத்தாம் தேதி வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை சேர்த்து எழுதியிருந்த நான்கு வாக்கியங்களுக்கு என் சலாத்தைச் சொல். அவர் என்மேல் கோபப்படுவது நியாயம்.

உன் பத்திரத்தைப் பிரித்தபோது ஐந்தாம் பத்தியில் நீலமையில் ஓர் அடித்தல் இருந்தது. ஓரத்தில் உன் சுருக்கொப்பமும் நோட்டரியின் ஒப்பமும். 'உரிமையாளரின் எந்நேரமும் ரத்துசெய்யத்தக்க அனுமதியின் பேரில் குடியிருந்து வருகின்றனர்' என்று நான் எழுதியிருந்தேன். அதில் 'உரிமையாளரின் எந்நேரமும் ரத்துசெய்யத்தக்க அனுமதியின் பேரில்' என்பதை நீ அடித்துவிட்டு, 'எங்கள் தந்தையார் அழைத்ததன் பேரில்' என்று எழுதியிருக்கிறாய். கூடவே சின்னத் தாளில், அண்ணா, இம்முறை நான் வாசித்தேன், என்று மட்டும்.

தவற்றை ஒப்புக்கொள்ள எழுதிய பத்திரத்திலும் அந்தச் சொற்களை நான் சேர்த்திருந்தேன் என்பது, நீ அடித்ததைப் பார்க்கும்வரை என் நினைவிலேயே இல்லை. வேண்டுமென்று செய்ததாக நினைக்காதே என்று எழுத வந்தேன். அதை எப்படி மெய்ப்பிப்பேன் என்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

அன்று மாலையே மானாம்பதிக்குப் போய் உன் பத்திரத்தைத் தேவியிடம் கொடுத்து, தாய் தகப்பனுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். அவள் முதலில் தனக்குள் முழுவதையும் வாசித்தாள். பிறகு உரக்க வாசித்தாள். நீ எழுதிச் சேர்த்த இடத்தில் பொன்னன் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னான். 'ஆமா, அவருதான் இட்டுக்கினு வந்தாரு. மாட்டு வண்டியில' என்றான். வீரம்மாள், 'பாப்பாவே எழுதிச்சா அத?' என்று கேட்டாள். உன் கையெழுத்துத்தான் என்று தேவி காட்டினாள். படிக்கத் தெரியாதவள் அந்த நீலமையை விரலால் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் காலை திரும்பி வந்துவிட்டார்கள்.

வந்த அன்றே முத்துகிருஷ்ணனை அழைத்துப் பின்கட்டின் கூரையைப் பிரிக்கச் சொன்னேன். கிணற்றடியில் அவர்கள் அடுக்கிவைத்த பழைய ஓடுகளே போதுமாயிருக்கின்றன. இதற்குக் கடன் வாங்கவில்லை, ஆகவே எந்தக் கழிவும் கோர முடியாது. பொன்னனும் வீரம்மாளும் ஓடு எடுத்துக் கொடுத்தார்கள். கூலியை நீட்டியபோது வீரம்மாள், 'இந்த வாட்டி கைநாட்டு வாணாமா நைனா?' என்று கேட்டாள். ஞானதாஸ் பக்கத்தில் நின்றிருந்தார். வேண்டாம் என்றேன். 'வெச்சிக்கோ, ஒதவும். நாங்க இங்கத்தான் கீறோம்னு அதுலயாவது கீதே' என்றாள். அவள் சொன்னது சரி. 2001-ஆம் ஆண்டுச் சீட்டுகளில் நாள்தோறும் அவர்களுடைய கைநாட்டு இருக்கிறது, நம் வீட்டு முகவரியோடு. உரிமை கேட்டுவிடக் கூடாதென்று நான் வாங்கிவைத்தவை. பன்னிரண்டையும் எடுத்து மனுவோடு சேர்த்துக் கொடுத்தேன். ஆவணம் என்று அவர்களிடம் இருந்தது அவ்வளவே, அதுவும் என் பெட்டியில்.

பதினான்காம் தேதி அதிகாரி வந்தார். இளம் வயது, பொறுமையானவர். கூரை பாதி வேய்ந்த நிலையில் இருந்தது. இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். எது உண்மை என்று கேட்டார். பிந்தையது என்றேன். முந்தையதை எழுதியவர் யார் என்றார். நான் என்றேன். எத்தனை ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறீர்கள் என்று கேட்டார். இருபத்தாறு என்றேன். அதைக் குறித்துக்கொண்டார். ஏன் குறித்துக்கொண்டார் என்று நான் யோசிக்காமலிருக்க முயல்கிறேன்.

பிறகு, இங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பொதுவாகக் கேட்டார். பழக்கத்தில் வாய் திறக்கப்போனேன். அந்தக் கேள்விக்கு ஒரு முறை நான் பதில் எழுதியாயிற்று என்பது நினைவுக்கு வந்து, பின்னால் நகர்ந்து கிணற்றடியில் நின்றேன். வீரம்மாள் கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தாள். 'நாங்கதான் கீறோம்' என்றாள். ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். வீட்டுக்காரர் பெயர் பொன்னன், ராஜகுளம் லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் மகன் வெங்கடேசன், மகள் தேவி, கடைசியாகத் தன் பெயர். அதிகாரி எழுதிக்கொண்டார்.

முடிவு இன்னும் வரவில்லை. தேவியின் கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. கிடைத்துவிடும் என்று உனக்கு எழுத எனக்கு ஆசை. ஆனால் உண்மையில்லாததை உறுதியாக எழுதி ஒரு முறை நாம் கண்டது போதும். தேவி தினமும் காலையில் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கிறாள். அகராதியை மறுபடி கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். இன்னும் என்னோடு பேசவில்லை. நான் அவசரப்படவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வீரம்மாளுக்கு நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். என் முகவரிக்குள் வைத்து அனுப்பாதே. உறையின்மேல் 'வீரம்மாள், பொன்னன் மனைவி, கதவு எண் 17, பின்கட்டு' என்று தெளிவாக எழுதி, தபாலிலேயே அனுப்பு. அந்த முகவரிக்கு அவர்கள் பெயரில் தபால் வந்து சேர்ந்தது என்பதற்கு முத்திரையுள்ள உறை நல்ல சான்று, பிற்காலத்தில் குடும்ப அட்டைக்கும் பயன்படும். இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. தபால்காரர் அவள் பெயரைக் கூப்பிட வேண்டும். தேவி பிரித்து வாசிக்க வேண்டும்.

என்ன எழுதுவது என்று இம்முறை நான் வரைவு அனுப்பப்போவதில்லை. நீயே எழுது, அம்மா. சீக்கிரம் எழுது.

உன் வீட்டில் எல்லா அறைகளும் நனையாமல் இருக்க இறைவன் அருளட்டும். இதை எழுதும்போது பின்கட்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

துஆவை எதிர்பார்க்கும்
அண்ணன்
முகம்மது கௌஸ்